மாலத்தீவில் மலிவு விடுமுறை: பயணியின் சேமிப்பும் தீவின் சுமையும்

மாலத்தீவில் சுற்றுலா இரண்டு வகையில் நடக்கிறது. ஒன்று, மக்கள் குடியிருக்காத ஒரு தீவை முழுதாகக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் ரிசார்ட். மற்றொன்று, மீனவர்களும் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் வாழும் தீவில், பள்ளிவாசலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு தெருவில் இருக்கும் கெஸ்ட் ஹவுஸ். பெயர்பெற்ற ரிசார்ட்டில் ஓர் இரவுக்கு ஆகும் செலவில் கெஸ்ட் ஹவுஸில் பல நாட்கள் தங்கிவிடலாம். இரண்டிலும் கடல் அதே கடல்தான், வெண்மணலும் அதேதான். அப்படியானால் இந்த விலை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, இதனால் யாருக்குப் பயன், இதன் சுமை யார் தலையில் ஏறுகிறது என்பதை மாலத்தீவுக்குப் போகத் திட்டமிடும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்வது அவசியம்.

ஒரு தீவு, ஒரு ரிசார்ட்

மாலத்தீவில் நவீன சுற்றுலா 1972-ல் தொடங்கியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் கார்பின் என்ற இத்தாலியர் ஒரு சிறு குழுவை அழைத்து வந்தார். தங்கும் விடுதி என்று எதுவும் இல்லாததால் அவர்கள் தலைநகர் மாலேயில் வீடுகளில் தங்கினார்கள். முகமது உமர் மணிக்கு, அகமது நசீம் ஆகிய உள்ளூர் இளைஞர்கள் அவருடன் கைகோத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் விஹாமனாஃபுஷி தீவில் முதல் ரிசார்ட் திறக்கப்பட்டது. குரும்பா என்று இன்று அறியப்படுவது அதுதான். பவளக்கல் சுவரும் தென்னங்கீற்றுக் கூரையுமாக அமைந்த எளிய அறைகளே அன்றைய ரிசார்ட்.

எழுபதுகளில் சிக்கனப் பயணிகள் மக்கள் வாழும் தீவுகளிலும் தங்கிவந்தார்கள். எண்பதுகளில் அரசு அதற்குத் தடை போட்டது. மது, நீச்சலுடை போன்றவை இஸ்லாமியச் சமூக வாழ்வைப் பாதிக்கும் என்ற கவலை இதற்கு முக்கியக் காரணம். ரிசார்ட் தீவுகளைக் கண்காணிப்பதும் வரி வசூலிப்பதும் எளிது என்பதும் அரசுக்கு வசதியாக இருந்தது. அதன் பிறகு ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்கு, மாலத்தீவுக்கு வந்த வெளிநாட்டவரில் பெரும்பாலோர் விமான நிலையத்திலிருந்து நேராக ரிசார்ட்டுக்குப் போய், அங்கிருந்து நேராக விமான நிலையத்துக்குத் திரும்பினார்கள். நாட்டின் பெருந்தொழிலாக வளர்ந்த சுற்றுலாவைச் சாதாரணத் தீவுவாசிகள் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் குத்தகை எடுக்கும் அளவுக்கு மூலதனம் வைத்திருந்த சிலர் செழித்தார்கள். தீவு இளைஞர்களுக்கு வேலை கிடைத்தது. ஆனால், குடும்பத்தைப் பிரிந்து ரிசார்ட்டின் ஊழியர் குடியிருப்பில் மாதக்கணக்கில் இருக்க வேண்டியிருந்தது. பெண்களை அப்படி அனுப்பப் பல குடும்பங்கள் தயங்கின. அந்த இடங்களில் வங்கதேசம், இந்தியா, இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர்கள் அமர்ந்தார்கள்.

2008-ல் நடந்த முதல் பலகட்சி அதிபர் தேர்தலில் முகமது நஷீத் வென்றார். அவருடைய ஆட்சிக் காலத்தில்தான் மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் நடத்த மீண்டும் வழி திறக்கப்பட்டது. மாலேக்குத் தெற்கே, காஃபு நிர்வாகப் பவளத்தீவில் உள்ள மாஃபுஷி இந்த மாற்றத்தின் முதல் களங்களுள் ஒன்று. நடந்தே சுற்றிவிடக்கூடிய, சிறைச்சாலை இருக்கும் தீவு என்று மட்டுமே அறியப்பட்டிருந்த ஊர் சில ஆண்டுகளில் சுற்றுலா நகரமாகிவிட்டது. இன்று நாடு முழுவதும் கெஸ்ட் ஹவுஸ்களின் எண்ணிக்கை ரிசார்ட்டுகளைப் போலப் பல மடங்கு. ஆனால் மொத்தப் படுக்கைகளில் பெரும்பகுதி இன்னும் ரிசார்ட்டுகளிடம்தான் இருக்கிறது.

விலை குறையும் காரணம்

ரிசார்ட் ஒவ்வொன்றும் ஒரு சிறு நகராட்சி மாதிரி. மின்சாரத்துக்கு ஜெனரேட்டர், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, படகுத்துறை, நூற்றுக்கணக்கான ஊழியர்களுக்கு உறைவிடம், உணவு என அத்தனையையும் அது சொந்தச் செலவில் அமைக்க வேண்டும். விருந்தினர் கொடுக்கும் வாடகையில் இவையெல்லாம் அடங்கியிருக்கின்றன.

கெஸ்ட் ஹவுஸ் இவற்றில் எதையும் புதிதாகக் கட்டுவதில்லை. ஊருக்கு வரும் மின்சாரத்தையும் குடிநீரையும் அது எடுத்துக்கொள்கிறது. ஊர்த் துறைமுகத்தில் இறங்கும் பயணி ஊர்க் கடையில் சாப்பிடுகிறார், ஊர்க் கடற்கரையில் குளிக்கிறார். ஊழியர்களில் பலர் மாலையில் தங்கள் வீட்டுக்கே போய்விடுகிறார்கள். விலை குறைவுக்கு அடிப்படைக் காரணம் இதுதான்: ஏற்கெனவே மக்களுக்காக அமைக்கப்பட்ட ஓர் ஊரைப் பயணியும் பங்குபோட்டுக்கொள்கிறார். இதிலிருந்தே கெஸ்ட் ஹவுஸ் சுற்றுலாவின் நன்மையும் தீமையும் கிளைக்கின்றன.

பில்லில் கூடும் தொகை

விளம்பரத்தில் காணும் வாடகையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவோர் ஏமாற நேரிடும். இருவர் தங்கும் அறைக்கு ஓர் இரவுக்கு 60 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக 10% சேவைக் கட்டணம் சேரும்போது அது 66 டாலர் ஆகிறது. அதன் மீது சுற்றுலாப் பொருள், சேவை வரி. 2025 ஜூலை முதல் இது 17%. அந்த வகையில் 11 டாலர் 22 சென்ட் கூடுகிறது. அடுத்தது பசுமை வரி. மக்கள் வாழும் தீவுகளில் இருக்கும் சிறிய கெஸ்ட் ஹவுஸ்களுக்கு, 2025 ஜனவரி முதல் இது ஆளுக்கு நாளொன்றுக்கு 6 டாலர், இருவருக்கு 12. மொத்தம் 89 டாலர் 22 சென்ட். அதாவது, அறுபது என்று சொன்ன அறைக்கு ஏறக்குறைய தொண்ணூறு கொடுக்க வேண்டும். முன்பதிவு செய்யும்போதே எல்லா வரிகளும் சேர்ந்த தொகை எவ்வளவு என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

பயணத்தின் மொத்தச் செலவைத் தீர்மானிப்பதில் போக்குவரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. மாலேயிலிருந்து மாஃபுஷிக்கு அரசு நிறுவனத்தின் பொதுப் படகில் ஒன்றரை மணி நேரம் போல ஆகும். கட்டணம் சில டாலர்தான். தனியார் ஸ்பீடு போட்டில் அரை மணி நேரம் சொச்சம். கட்டணம் பல மடங்கு. பொதுப் படகு வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலும் ஓடாது. மற்ற நாட்களிலும் குறித்த வேளைகளில் மட்டுமே புறப்படும். விமானம் வந்துசேரும் நேரத்தையும் படகு புறப்படும் நேரத்தையும் பொருத்திப் பார்க்காமல் டிக்கெட் எடுத்தால் மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ ஓர் இரவு கூடுதலாகத் தங்க நேரும். சிக்கனம் முழுவதும் அந்த ஓர் இரவில் கரைந்துவிடும்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவம். வானம் தெளிந்திருக்கும், வாடகை உச்சத்தில் இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவம். மழையும் அலையும் அதிகம், வாடகை குறைவு. ஆனால், பா பவளத்தீவின் ஹனிஃபாரு விரிகுடாவில் கொம்புத்திருக்கைகள் கூட்டம் கூட்டமாக இரை தேடி வருவது இந்த மழைப் பருவத்தில்தான். அங்கே ஸ்கூபா டைவிங் அனுமதி இல்லை. மேற்பரப்பில் நீந்தியபடி பார்க்கலாம். அருகிலுள்ள தரவந்தூ தீவில் தங்கினால் மலிவாகவே அந்தக் காட்சி கிடைக்கும். தெற்கு ஆரி பவளத்தீவின் திகுரா தீவுக்கருகே திமிங்கலச் சுறாக்களை ஆண்டு முழுவதும் காண முடிகிறது.

ஊரின் ஒழுங்கு

மக்கள் வாழும் தீவுகளில் மது கிடையாது. கொண்டுவரவும் முடியாது; விமான நிலையத்திலேயே எடுத்துவைத்துக்கொள்வார்கள். பன்றி இறைச்சிக்கும் தடை உண்டு. வழிபாட்டுக்கான சிலைகளை எடுத்துச் செல்வதும் சட்டப்படி தடைசெய்யப்பட்டது என்பதைத் தமிழகப் பயணிகள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். நீச்சலுடையில் குளிப்பதற்கென்று கடற்கரையின் ஒரு பகுதியை ஒதுக்கி, பெரும்பாலும் கீற்றுத் தட்டியோ செடிகளோ வைத்து மறைத்திருப்பார்கள். அதைத் தாண்டி ஊருக்குள் வந்தால் தோளும் முழங்காலும் மறையும் உடை அணிய வேண்டும். ரமலான் மாதத்தில் பகலில் பொது இடத்தில் உண்பதைத் தவிர்க்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகள் தேனிலவுக்குச் செல்லும் சிலருக்கு இடைஞ்சலாகத் தோன்றலாம். குழந்தைகளுடனும் பெரியவர்களுடனும் போகும் குடும்பங்களுக்கோ இவையே நிம்மதியான சூழலைத் தருகின்றன.

உணவிலும் தமிழர்களுக்கு அந்நியம் தெரியாது. காலையில் மஸ் ஹுனி பரிமாறுவார்கள். சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கையால் பிசைந்து, ரோஷி என்ற மெல்லிய ரொட்டியுடன் தருவது அது. இலங்கைச் சமையலிலும் தென் தமிழகக் கரையோரச் சமையலிலும் புழங்கும் மாசிக்கருவாடு மாலத்தீவின் சூரை மீன் தொழிலோடு சேர்ந்தது. தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலே போய்வருவதும் நெடுநாள் வழக்கம். அந்தத் தீவுகளில் மணலும் தேங்காயும் மீனும் நீங்கலாக அநேகமாக எல்லாமே கப்பலில் வந்து இறங்க வேண்டியவை.

தீவு தாங்குமா?

நாட்டின் மொத்த மக்கள்தொகை 2022 கணக்கெடுப்பின்படி ஐந்து லட்சத்தைச் சற்றே தாண்டுகிறது. 2024-ல் வந்த சுற்றுலாப் பயணிகள் இருபது லட்சத்துக்கும் மேல். தரையின் சராசரி உயரம் கடல்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் அளவுதான். நன்னீருக்கு மழையும் மெல்லிய நிலத்தடி நீர்ப் படலமும் கடல்நீர்ச் சுத்திகரிப்பும் தவிர வேறு ஆதாரம் இல்லை. 2014 டிசம்பரில் மாலேயின் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தபோது தலைநகரமே குடிநீரின்றித் தவித்தது. இந்திய விமானப்படை விமானங்களும் கடற்படைக் கப்பல்களும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தன.

குப்பை அதைவிடப் பெரிய சிக்கல். மாலே சுற்றுவட்டாரத்தின் குப்பை 1990-களின் தொடக்கத்திலிருந்து திலாஃபுஷி என்ற இடத்தில் கொட்டப்பட்டு, ஒரு கடற்காயலே நிரப்பப்பட்டுத் தீவாகிவிட்டது. பல சிறு தீவுகளில் குப்பை ஒரு மூலையில் சேர்ந்து, எரிந்து, அலையில் கலந்தது. பயணி குடித்துவிட்டுப் போடும் ஒவ்வொரு பிளாஸ்டிக் பாட்டிலும் இந்தக் கணக்கில் சேர்கிறது.

எந்தக் கடலைப் பார்க்கப் பயணிகள் வருகிறார்களோ, அந்தக் கடலும் நலிந்துவருகிறது. 1998-ல் கடல் சூடேறியதில் ஆழம் குறைந்த பகுதிகளின் பவளம் பெருமளவு மடிந்தது. 2016-ல் ஆய்வுக்குட்படுத்தப்பட்ட பவளத்தில் ஏறத்தாழ 60% வெளுத்துப்போனது. இதற்குப் புவி வெப்பமே காரணம். ஆனால் எஞ்சிய பவளத்தின் மேல் ஏறி நின்று படம் எடுக்கும் பயணியும், வெள்ளை மணல் வேண்டுமென்று காயலைத் தூர்வாரிக் கரையை நீட்டும் திட்டங்களும் காயத்தை ஆழப்படுத்துகின்றன. அலையைத் தடுத்துத் தீவைக் காப்பது பவளப்பாறைதான். அது அழிந்தால் சுற்றுலா போவதோடு நிற்காது; ஊரும் போய்விடும்.

இவற்றைச் சமாளிக்க முடியும் என்பதற்கு உகுல்ஹாஸ் தீவு ஒரு சான்று. அங்கே வீடு வீடாகக் குப்பை எடுக்கிறார்கள், தரம் பிரிக்கிறார்கள், மக்கும் கழிவை உரமாக்குகிறார்கள். ஊர் சுத்தமாக இருப்பதே அந்தத் தீவின் விளம்பரமாகவும் ஆகிவிட்டது. தர்பூசணியும் பப்பாளியும் விளையும் தொட்டூ தீவில் கெஸ்ட் ஹவுஸும் வேளாண்மையும் சேர்ந்தே நடக்கின்றன; பயணிகளின் பணத்தில் ஒரு பங்கு விவசாயிகளுக்கும் போகிறது. மாஃபுஷியிலோ, ஒரு மாடி வீடுகள் இருந்த இடத்தில் பல மாடி ஓட்டல்கள் எழுந்துவிட்டன. நிலத்தின் மதிப்பும் வாடகையும் ஏறும்போது, சொந்த இடமில்லாத உள்ளூர்க் குடும்பங்கள்தான் முதலில் தவிக்கும்.

செய்ய வேண்டியவை

கெஸ்ட் ஹவுஸ் சுற்றுலா நியாயமானது. கடற்கரை விடுமுறையைச் செல்வந்தர்களுக்கு மட்டும் உரியதாக இல்லாமல் ஆக்கியது அது. தீவின் மகனும் மகளும் ஊரை விட்டுப் போகாமல் பிழைக்கவும் வழி செய்தது. அதை நிறுத்துவது தீர்வாகாது. அளவோடு நடத்துவதே தீர்வு. ஒவ்வொரு தீவிலும் குடிநீர், கழிவுநீர், குப்பை ஆகியவற்றைக் கையாளும் திறனுக்கு ஏற்ப அறைகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வேண்டும். பசுமை வரியில் கணிசமான பங்கு, வசூலாகும் தீவின் கவுன்சிலுக்கே காலத்தில் சேர வேண்டும். எத்தனை மாடி, எவ்வளவு கடற்கரை என்பதைத் தீர்மானிப்பதில் ஊர்மக்களின் குரலுக்கு மதிப்பிருக்க வேண்டும்.

பயணிகளின் பங்கும் சிறிதல்ல. உள்ளூர்க் குடும்பம் நடத்தும் விடுதியைத் தேர்ந்தெடுங்கள். மீண்டும் நிரப்பக்கூடிய தண்ணீர் பாட்டிலை எடுத்துச் செல்லுங்கள். பவளத்தை மிதிக்காதீர்கள், சுறாவையும் திருக்கையையும் தொடாதீர்கள். முடிந்தவரை பொதுப் படகில் போங்கள், ஊர்க் கடையில் சாப்பிடுங்கள், ஊர் வழக்கத்துக்கு மரியாதை கொடுங்கள். குறைந்த செலவில் தங்க இடம் தந்த ஊருக்கு விருந்தாளி செய்ய வேண்டிய மிகக் குறைந்த கடமை இது.