பழைய ஹார்ன் ஸ்பீக்கரில் கை வைக்கலாமா?

அமெரிக்காவில் பழைய தியேட்டர், சர்ச், பள்ளிக்கூட அரங்கம் எதையாவது புதுப்பிக்கும்போது வெளியே வரும் சாமான்களில் ஒன்று, இடுப்புக்கு மேல் உயரமான ஒரு சாம்பல் நிறப் பெட்டி. உள்ளே 15 அங்குல வூஃபர். மேலே அலுமினியத்தில் வார்த்த ஒரு ஹார்ன். ஆல்டெக் லான்சிங் கம்பெனியின் ‘வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்’ வரிசையில் வந்த ஏ7 அது. எனக்குத் தெரிந்த நம்ம ஆட்கள் சிலரும் இதை வாங்கி பேஸ்மென்ட்டில் வைத்து இளையராஜா கேட்கிறார்கள். வாங்கிய கையோடு ஒரு சண்டையும் வந்துவிடுகிறது. “அறுபது வருஷப் பொருள், ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாதே” என்கிறது ஒரு கட்சி. “இந்தக் காலத்தில் யார் சார் இதையெல்லாம் அப்படியே கேட்பாங்க, ஆக்டிவா மாத்திடுங்க” என்கிறது இன்னொரு கட்சி.

நான் என்ஜினீயர் இல்லை. சாலிடரிங் அயர்ன் பிடித்துப் பழகியவன், அவ்வளவுதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றலாம், மாற்றுவது நல்லதும்கூட. ஆனால் மாற்ற வேண்டியது கிராஸ்ஓவரை மட்டும். ஹார்ன், டிரைவர், பெட்டி மூன்றிலும் கை வைக்கக் கூடாது. நாளைக்கு இன்னொருவர் ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திருப்பும்படி வேலை இருக்க வேண்டும்.

ஹார்ன் என்றதும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு ஞாபகம் வருவது, தென்னை மரத்தில் கட்டிய மைக் செட் குழாய்தான். கரகரவென்று காதைக் கிழிக்கும் அந்தச் சத்தத்தை வைத்து எல்லா ஹார்னையும் எடை போட்டுவிடக் கூடாது. ஹார்ன் செய்வது எளிமையான வேலை. சின்னச் சவ்வு ஒன்று அதிர்ந்தால், சுற்றியிருக்கும் காற்று அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. சவ்வுக்கு முன்னால் ஒடுங்கிய வாயில் தொடங்கிப் படிப்படியாக விரியும் குழாயை வைத்தால், சவ்வின் சக்தி வீணாகாமல் காற்றுக்குப் போய்ச் சேரும். நாதஸ்வரத்தின் உலவு கீழே போகப் போக அகன்று அணசில் விரிகிறதே, அதையும் இதையும் ஒரே குடும்பம் என்றே சொல்லலாம்.

இதன் பலன் எவ்வளவு என்று ஒரு கணக்குப் பார்ப்போம். இன்று கடையில் வாங்கும் சின்ன ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் சுமார் 85 டெசிபல் வரும். ஏ7 மாதிரியான பெட்டி அதே 1 வாட்டில் 100 டெசிபலை ஒட்டி வரும். 15 டெசிபல் வித்தியாசம் என்றால் சக்தியில் சுமார் 32 மடங்கு. பெரிய ஆம்ப்ளிஃபயர்கள் இல்லாத காலத்தில் ஆயிரம் பேர் உட்காரும் அரங்கத்தை நிரப்ப வேண்டியிருந்தது. அதற்காகப் பிறந்தவை இந்த ஸ்பீக்கர்கள்.

வரலாறும் சுவாரஸ்யமானது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் தியேட்டர் பராமரிப்புப் பிரிவிலிருந்து 1937-ல் ஆல்டெக் உருவானது. 1941-ல் ஜேம்ஸ் பி. லான்சிங்கின் கம்பெனியை வாங்கி ‘ஆல்டெக் லான்சிங்’ ஆனது. 1945-ல் ‘வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்’ வரிசை வந்தது. அடுத்த வருஷமே லான்சிங் வெளியேறித் தனிக் கம்பெனி தொடங்கினார். இன்று நாம் ஜேபிஎல் என்று சொல்வது அதைத்தான்.

இப்போது கிராஸ்ஓவருக்கு வருகிறேன். வரும் இசையைத் தாழ்ந்த ஒலி வூஃபருக்கு, உயர்ந்த ஒலி ஹார்னுக்கு என்று பிரித்து அனுப்புவது அதன் வேலை. ஏ7-ல் எந்த ஹார்ன் இருக்கிறது என்பதைப் பொறுத்து 500 அல்லது 800 ஹெர்ட்ஸில் அந்தப் பிரிவு நடக்கும். பழைய முறையில், ஆம்ப்ளிஃபயரிலிருந்து வந்த முழுச் சக்தியையும் காயில், கெபாசிட்டர், ரெசிஸ்டர் வைத்துப் பிரிப்பார்கள். இதற்குப் பாஸிவ் என்று பெயர். செய்தவர்கள் கெட்டிக்காரர்கள், சந்தேகமே இல்லை. ஆனாலும் இந்த முறையில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

ஒன்று, வயது. காந்தம் அறுபது வருஷம் தாங்கும், அலுமினிய ஹார்ன் நூறு வருஷம் தாங்கும். கெபாசிட்டர் அப்படி இல்லை. அதன் மதிப்பு மெல்ல மாறிக்கொண்டே போகும். இடது பெட்டியும் வலது பெட்டியும் ஒரே மாதிரி மாறும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால், இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டு, வீண். ஹார்ன் டிரைவர் வூஃபரைவிட மிக உரக்கப் பேசும். இரண்டையும் சமப்படுத்த ஹார்னை 10 டெசிபல் அடக்க வேண்டியிருந்தால், அதற்குப் போகும் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கு ரெசிஸ்டரில் வெறும் சூடாகப் போய்விடும்.

மூன்றாவதுதான் முக்கியம், நேரம். வூஃபரின் காயிலும் ஹார்ன் டிரைவரின் காயிலும் உங்கள் காதிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதில்லை. 800 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 43 சென்டிமீட்டர். இரண்டும் 21 சென்டிமீட்டர் முன்னே பின்னே இருந்தால், பிரியும் இடத்தில் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். மனிதக் குரல், வயலின், நாதஸ்வரம் எல்லாவற்றின் உயிரும் இருக்கும் பகுதியில் ஒரு பள்ளம் விழும். பழைய ஆட்கள் ஹார்னைப் பெட்டி மேல் முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்திக் கேட்டது இதற்காகத்தான். பாஸிவ் கிராஸ்ஓவரால் ஒரு ஒலியை இவ்வளவு தாமதப்படுத்துவது நடைமுறையில் முடியாத காரியம்.

ஆக்டிவ் முறையில் ஆம்ப்ளிஃபயருக்கு முன்பே, சிக்னல் சின்னதாக இருக்கும்போதே பிரித்துவிடுகிறோம். பிறகு வூஃபருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர், ஹார்னுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர். நடுவில் காயிலும் இல்லை, ரெசிஸ்டரும் இல்லை. வூஃபரை ஆம்ப்ளிஃபயர் நேரடியாகப் பிடித்துக்கொள்கிறது, பாஸ் இறுக்கமாகிறது. டிஎஸ்பி பெட்டி வைத்தால் முன்னால் இருக்கும் டிரைவருக்கு ஒரு மில்லிசெகண்டுக்குள்ளான தாமதம் கொடுத்து இரண்டையும் ஒன்றுசேர்க்கலாம். 34 சென்டிமீட்டர் தூரத்துக்கு ஒரு மில்லிசெகண்ட், இதுதான் கணக்கு.

இதெல்லாம் இப்போது வந்த மோகம் இல்லை. ஹியூலட் பேக்கார்டு என்ஜினீயர்களான சீக்ஃபிரிட் லிங்க்விட்ஸும் ரஸ் ரைலியும் உருவாக்கிய கிராஸ்ஓவர் முறை 1976-ல் வெளியானது. இன்றும் பெரும்பாலானவர்கள் முதலில் தேர்ந்தெடுப்பது அதைத்தான். பின்லாந்தின் ஜெனலெக் 1978-லேயே ஆக்டிவ் ஸ்டூடியோ ஸ்பீக்கரோடு தொடங்கிய கம்பெனி. நம்ம சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு வாடகைக்கு வரும் ஸ்பீக்கர்களைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளேயே இரண்டு ஆம்ப்ளிஃபயர் இருக்கும். தொழில்முறை ஆட்கள் எப்போதோ போய்ச் சேர்ந்த இடத்துக்கு வீட்டில் இசை கேட்பவர்கள் இன்னும் தயங்கித் தயங்கி வருகிறார்கள்.

எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயம் உண்டு. “எல்பி ரெக்கார்டு வைத்துக் கேட்கிறேன், அதை எதற்கு டிஜிட்டலாக்கித் திரும்ப அனலாக் ஆக்கணும்?” என்று கேட்பார்கள். அவர்களுக்கு அனலாக் ஆக்டிவ் கிராஸ்ஓவர்களும் உண்டு. தாமதம் கொடுக்கும் வசதி அதில் பெரும்பாலும் இருக்காது, ஹார்னைக் கையால்தான் நகர்த்த வேண்டும். “செலவு இரட்டிப்பாகுமே” என்பது இன்னொரு கேள்வி. ஆகும். பட்ஜெட் இல்லாதவர்கள் பழைய கிராஸ்ஓவரின் கெபாசிட்டர்களை மட்டும் அதே மதிப்பில் மாற்றினாலே நல்ல முன்னேற்றம் தெரியும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் ஒத்துக்கொள்ளாதது வேறு விஷயம். ஆக்டிவ் என்ற பெயரில் பெட்டியை அறுப்பது, டிரைவரைக் கழற்றி விற்றுவிட்டு வேறொன்றைப் போடுவது, பழைய கிராஸ்ஓவரைக் குப்பையில் எறிவது, இவையெல்லாம் அநியாயம். தனித்தனியாக விற்றால் அதிகக் காசு கிடைக்கும் என்று முழு ஜோடியைப் பிரித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு தரம் பிரிந்த ஜோடி மறுபடி சேர்வது கஷ்டம்.

அவசரப்படுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாஸிவ் கிராஸ்ஓவருக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அது ஹார்ன் டிரைவருக்குக் காவல்காரன். அதை எடுத்துவிட்டால் அந்த மெல்லிய அலுமினியச் சவ்வு நேராக ஆம்ப்ளிஃபயரின் வாயில் நிற்கிறது. ஸ்விட்ச் போடும்போது வரும் ஒரு ‘தப்’ சத்தம் போதும், கதை முடிந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் வூஃபருக்குப் போக வேண்டிய வயரை ஹார்னில் மாட்டினார். முதல் பாட்டின் பல்லவி முடிவதற்குள் சவ்வு போச்சு.

ஆகவே சில பழக்கங்கள் கட்டாயம். டிரைவருக்கு முன்னால் தொடராக ஒரு கெபாசிட்டர் போடுங்கள். 16 ஓம் டிரைவருக்கு 47 மைக்ரோஃபாரட் போட்டால் அது சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே தடுக்கும். 800 ஹெர்ட்ஸில் நடக்கும் பிரிவை அவ்வளவாகத் தொடாது, ஆம்ப்ளிஃபயர் கெட்டு டிசி வந்தாலும் சவ்வு பிழைக்கும். கிராஸ்ஓவரை முதலில் போடுங்கள், ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில். அணைக்கும்போது இதற்கு நேர்மாறு. வயர்களுக்கு இரண்டு நிறத்தில் டேப் ஒட்டுங்கள். முதல் சோதனையை ஹார்னில் செய்யாதீர்கள், போனால் போகட்டும் என்கிற மலிவான ஸ்பீக்கரில் செய்யுங்கள்.

ஹார்ன் கம்பீரமாக இருக்கிறதே என்று பிரிக்கும் இடத்தை 800-லிருந்து 400-க்கு இறக்குபவர்கள் இருக்கிறார்கள். அதே சத்தத்துக்கு ஒரு ஆக்டேவ் கீழே போனால் சவ்வு இன்னும் அதிக தூரம் அசைய வேண்டும். அது அதற்குப் பிறந்ததில்லை. வூஃபருக்கும் அப்படித்தான். பாஸ் போதவில்லை என்று டிஎஸ்பியில் 30 ஹெர்ட்ஸை ஏற்றிவிட்டால், பிடிமானம் இல்லாமல் கோன் அலைபாயும். அந்தப் பகுதி வேண்டுமென்றால் தனியாக ஒரு சப்வூஃபர் வையுங்கள்.

ஹார்னுக்கு 100 வாட் தேவையே இல்லை, பெரும்பாலான வீடுகளில் சில வாட் போதும். இங்கே பார்க்க வேண்டியது வேறு. சாதாரண ஸ்பீக்கரில் கேட்காத ஆம்ப்ளிஃபயரின் ‘உஸ்ஸ்’ சத்தம் ஹார்னில் அறை முழுக்கக் கேட்கும். அமைதியான, கெயின் குறைந்த சின்ன ஆம்ப்ளிஃபயராகப் பாருங்கள். பிள்ளைகள் வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டிப் பழக ஆசைப்பட்டால் இதைவிட நல்ல இடம் கிடையாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும், உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது.

காதை மட்டும் நம்பி அமைக்காதீர்கள். அளவீட்டு மைக் ஒன்று வாங்குங்கள், ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள் இலவசம். நேரத்தைச் சரிபார்க்க ஒரு பழைய வழி உண்டு. ஹார்னுக்குப் போகும் இரண்டு வயரையும் தலைகீழாக மாற்றிப் போடுங்கள். பிரியும் இடத்தில் பள்ளம் எந்தத் தாமதத்தில் மிக ஆழமாக விழுகிறதோ, அதுதான் சரியான அளவு. பிறகு வயரைத் திருப்பிப் போட்டால் பள்ளம் நிரம்பிவிடும். ஒரு சனிக்கிழமை மதியம் காலேஜ் படிக்கும் மகளோடு உட்கார்ந்து இதைச் செய்தால், அவள் பாடப்புத்தகத்தில் படித்த அலைகள் கண்ணெதிரே திரையில் தெரியும்.

கடைசியாக ஒன்று. இந்தச் சாமான்களுக்கு நம்மைவிட ஆயுசு அதிகம். ஆனால் டிஎஸ்பி பெட்டிக்கு அவ்வளவு ஆயுசு இருக்காது, அதன் மென்பொருள் இருக்கும் லேப்டாப்புக்கு அதைவிடக் குறைவு. நாம் இல்லாத ஒரு நாளில் பிள்ளைகள் பேஸ்மென்ட்டுக்குள் வந்து ஐந்து பெட்டி, பத்து வயர், எதை முதலில் போடுவது என்று தெரியாமல் நின்றால், அடுத்த வாரமே அது தெருவோரம் போய்விடும்.

அதனால் பிரிக்கும் இடம், சரிவு, தாமதம், ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரின் அளவு, ஸ்விட்ச் போடும் வரிசை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். தமிழ் வாசிக்காத பிள்ளைகள் என்றால் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், பரவாயில்லை. பழைய கிராஸ்ஓவரைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அந்தத் தாளைப் பெட்டியின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள்.