ஞாயிறு அறிவியல் - 17: ஜாதகமும் ஜீனோடைப்பும்

போன வாரம் பதிவு போடல. மிட்-டெர்ம். அதுக்கு மூணு பேர் திட்டி மடல் போட்டிருந்தீங்க. மூணு பேர் படிக்கிறீங்கன்னு தெரிஞ்சதுல சந்தோஷம் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். எங்க டிபார்ட்மென்ட்ல எனக்கு ரெண்டு மேஜை தள்ளி ஒரு நைஜீரியாக்காரன் இருக்கான். லாகோஸ் பையன். நான் கொண்டு போற புளியோதரையில உரிமையோட பங்கு கேக்குற அளவுக்கு நண்பன். போன மாசம் ரெண்டு நாளா யாரோடயும் பேசாம இருந்தான். என்னடான்னு கேட்டா, "நான் ஏ.எஸ்., நான் கட்டிக்கப் போற பொண்ணும் ஏ.எஸ்."ங்கிறான். நான் ஏதோ ரத்த குரூப்னு நினைச்சேன். (பயோடெக் படிக்கிறவன் இப்படிக் கேக்கலாமான்னு நீங்க திட்டுறதுக்கு முன்னாடி அவனே திட்டிட்டான்.)

நைஜீரியாவுல கல்யாணப் பேச்சு எடுத்தாலே ஜீனோடைப் என்னன்னு கேப்பாங்களாம். பல தேவாலயங்கள்ல அந்த ரிசல்ட் பேப்பரைப் பாக்காம தேதியே குடுக்க மாட்டாங்களாம். நம்ம ஊர் ஜாதகம் மாதிரி. ஆனா இந்தப் பொருத்தத்துக்குப் பின்னால நிஜமாவே ஒரு கணக்கு இருக்கு. அப்பா, அம்மா ரெண்டு பேருமே ஏ.எஸ்.னா, குழந்தை எஸ்.எஸ்.ஸா பிறக்க நாலுல ஒரு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துட்டா அடுத்த மூணும் தப்பிச்சிடும்னு அர்த்தம் இல்ல. ஒவ்வொரு தடவையும் புதுசா காசு சுண்டணும்.

எஸ்.எஸ்.னா அரிவாள் செல் ரத்தசோகை. நம்ம படத்துல வர்ற அருவா இல்லீங்க, கதிர் அறுக்கிற அருவா. ஹீமோகுளோபின் தயாரிக்கிற ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறிப் போச்சு. அதனால ஆக்ஸிஜன் குறையறப்போ வட்டமா இருக்க வேண்டிய சிவப்பணு வளைஞ்சு விறைச்சிடும். சின்ன ரத்தக்குழாய்ல போய் அடைச்சிக்கும். அடைச்ச இடத்துல வர்ற வலி தாங்க முடியாதாம். இவனோட அண்ணன் ஒருத்தருக்கு அது இருந்துச்சு. "இருந்துச்சு"ன்னு அவன் சொன்ன விதத்துல நான் மேல எதுவும் கேக்கல.

இவ்வளவு மோசமான எழுத்துப்பிழை ஏன் அழியாம நிக்குது? காரணம் மலேரியா. ஒரே ஒரு எஸ் வச்சிருக்கிறவங்களுக்கு (இவன் மாதிரி) கடுமையான மலேரியாவுல இருந்து பாதுகாப்பு கிடைக்குதுன்னு 1954ல ஆண்டனி ஆலிசன் காட்டினார். கொசு இருக்கிற ஊர்ல ஒரு எஸ் கவசம், ரெண்டு எஸ் நோய்.

நான் பெருமையா ஒரு சேதி சொன்னேன்: இதுக்குத்தான் வைத்தியம் வந்தாச்சே! கதை அருமையான கதை. வயித்துல இருக்கிற குழந்தைக்கு வேற ஹீமோகுளோபின். பிறந்த சில மாசத்துல அது நின்னு, பெரியவங்க சரக்கு தயாராக ஆரம்பிக்கும். பிழை இருக்கிறது இந்த ரெண்டாவதுலதான். அதனாலதான் எஸ்.எஸ். குழந்தைங்க பிறந்த உடனே நல்லா இருப்பாங்க. அப்போ அந்தப் பழைய தயாரிப்பை நிறுத்துற மேஸ்திரி யாரு? பி.சி.எல்.11.ஏ.ன்னு ஒரு ஜீன். விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் குழு 2008ல காட்டினாங்க. மேஸ்திரியை லீவுல அனுப்பிட்டா பழைய தயாரிப்பு மறுபடி ஓடும்ல? 2012ல டவுட்னா, ஷார்பான்டியே ரெண்டு பேரும் கிரிஸ்பர் கத்திரியைக் குடுத்தாங்க (2020ல நோபல்). அதை வச்சு, சிவப்பணு தயாரிப்புல இந்த மேஸ்திரியை வேலைக்குக் கூப்பிடுற சுவிட்சை வெட்டி விட்டாங்க. பிழையைத் தொடவே இல்ல, சுத்திக்கிட்டுப் போயிட்டாங்க!

மருந்து பேரு கேஸ்ஜெவி. 2023 நவம்பர்ல பிரிட்டன், டிசம்பர்ல அமெரிக்கா அனுமதி குடுத்தது. போதுமான காலம் கவனிக்கப்பட்ட 31 பேர்ல 29 பேருக்குக் குறைஞ்சது 12 மாசம் தொடர்ச்சியா அந்தக் கடும் வலி வரல.

நான் 29ஐக் காட்டினேன். அவன் விலையைக் காட்டினான். 22 லட்சம் டாலர். ரூபாய்ல 18 கோடிக்கு மேல.

காசு இருந்தாலும் சும்மா இல்ல. ஸ்டெம் செல்லை எடுத்து லேபுக்கு அனுப்பி, எடிட் பண்ணி, நடுவுல கீமோ குடுத்து இருக்கிற மஜ்ஜையைக் காலி பண்ணி, அப்புறம்தான் திருப்பி ஏத்தணும். வாரக்கணக்குல ஆஸ்பத்திரி. அந்தக் கீமோவால பிள்ளை பெறும் சக்தியே போகலாம்.

இது அவங்க ஊர் கதைதானேன்னு நினைச்சுக்கிட்டு ரூமுக்கு வந்து தேடினா, இந்தியாவுல இதை முதல்ல கண்டுபிடிச்சது எங்க தெரியுமா? நம்ம நீலகிரியில. 1952ல லேமன், கட்புஷ்னு ரெண்டு பேர் அங்க இருக்கிற பழங்குடி மக்கள்கிட்ட. நான் காலேஜ் படிச்சது கோயமுத்தூர்ல. ஊட்டிக்கு எத்தனை தடவை போயிருப்பேன், வர்க்கி வாங்கிட்டு இறங்கி வந்திருக்கேன். இது காதுலயே விழல. 2023 ஜூலையில மத்திய அரசு 7 கோடி பேருக்கு ரத்தம் பாக்கிறதா ஒரு திட்டம் ஆரம்பிச்சிருக்கு, 2047க்குள்ள ஒழிக்கணுமாம். என்னைக் கேட்டா அந்த மலையில இன்னிக்குத் தேவை கத்திரி இல்ல. ரத்தப் பரிசோதனையும், விலை கம்மியான ஹைட்ராக்ஸியூரியா மருந்தும், அதை விடாம குடுக்க ஒரு நர்ஸும்தான். அந்த மருந்தும் அதே பழைய ஹீமோகுளோபினைத்தான் கூட்டுது.

அதுக்காகக் கத்திரி வேண்டாம்னு சொல்லல. டெல்லி ஐ.ஜி.ஐ.பி. நிறுவனம் 2025 நவம்பர்ல பிர்சா 101ங்கிற பேர்ல உள்நாட்டு கிரிஸ்பர் சிகிச்சையை அறிவிச்சு, சீரம் இன்ஸ்டிடியூட்டோட கைகோத்திருக்காங்க. விலையைக் குறைக்கிறதுதான் குறி.

இன்னொரு பக்கம், 2025 பிப்ரவரியில பிலடெல்பியாவுல கே.ஜே.ங்கிற கைக்குழந்தைக்கு அவன் ஒருத்தனுக்காகவே ஆறு மாசத்துல ஒரு ஜீன் மருந்து செஞ்சு ஏத்தினாங்க. கீமோ கிடையாது, செல்லை வெளிய எடுக்கிறதும் கிடையாது. கொழுப்புத் துளிக்குள்ள வச்சு நேரா ரத்தத்துல. கொழுப்புத் துளி தானா லிவருக்குப் போயிடும், அவன் நோயும் லிவர்லதான். மஜ்ஜைக்கு அப்படிப் போய்ச் சேராது. அங்க அனுப்ப வழி தேடித்தான் பல லேப்ல மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்காங்க.

இதையும் அவன்கிட்ட சொன்னேன். வியாழக்கிழமை, புளியோதரை டப்பாவைத் திறந்து வச்சுக்கிட்டு. அந்த ஊசி மஜ்ஜைக்குப் போக எத்தனை வருஷம் ஆகும்னு கேட்டான். பத்து இருக்கலாம், யாருக்குத் தெரியும்னேன். "அவளுக்கு இப்பவே இருபத்தெட்டு"ன்னான். அதுக்கு மேல ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல, சாப்பிட்டோம்.

அடுத்த ஞாயிறு வெட்டி வச்சாலும் கறுக்காத வாழைப்பழம் பத்தி. நாளைக்கு அசைன்மென்ட் குடுக்கணும், இன்னும் ஒரு பக்கம்கூட எழுதல. வரட்டா!