அலமாரிக்குள் ஓர் அக்கினி நட்சத்திரம்

போன மே மாதம் கள்ளக்குறிச்சியிலிருந்து அக்கா போன் பண்ணினாள்.

"ஏன்டா, உன் மாப்ளே கம்ப்யூட்டருக்குள்ள தண்ணிக் குழாய் போடணும்ங்கறான். முப்பத்து மூவாயிரமாம். என் செயினை அடகு வைக்கட்டுமா?"

அடுப்படிக்கு ஒரு குழாய் வேண்டுமென்று அவள் நாலு வருஷமாய்க் கேட்கிறாள். அதற்கு வழியில்லை. கம்ப்யூட்டருக்குக் குழாயாம்! "நான் வர்ற வரைக்கும் செயின் கழுத்துலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். நான் பி.காம். கம்ப்யூட்டர் பாதி தெரியும். அடகு வட்டி முழுசாகத் தெரியும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரானது 2019 நவம்பரில்தான். வெயிலுக்கு அதற்கு ரொம்ப முன்பிருந்தே அதுதான் தலைநகர். இறங்கியதும் செருப்பு தாரோடு ஒட்டிக்கொண்டது.

மாப்ளே (அக்கா மகன்) கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவன். வைகாசி முகூர்த்தம் கழுத்தை நெரிக்கிறது. கம்ப்யூட்டரோ, தாலி கட்டும் நேரத்துக்குச் சரியாக, பட்டென்று அணைந்துவிடுகிறது. மூன்று கல்யாணம் பாக்கி. அட்வான்ஸ் வாங்கிச் செலவும் செய்தாயிற்று.

"சூடு மாமா! நூறு டிகிரியை நெருங்கினா சிப்பு முதல்ல வேகத்தைக் குறைச்சுக்கும். அப்புறமும் தாங்கலேன்னா மெஷினே ஆஃப் ஆயிடும். தண்ணிதான் ஒரே வழி" என்று ஒரு சிட்டையை நீட்டினான். சிப்பின் தலையில் உட்காரும் செம்புக் கட்டி 7,000. ரேடியேட்டர் 5,500. தொட்டியோடு பம்ப் 9,500. குழாயும் இணைப்புகளும் 6,000. ஃபேன் 3,500. திரவம் 1,500. கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரி. மற்றதுதான் சரியில்லை.

சங்கதி ஒன்றும் புதிதல்ல. கரும்பு டிராக்டரின் மூக்கில் இருக்கும் அதே ரேடியேட்டர்தான். செம்புக் கட்டி சூட்டை வாங்கித் தண்ணீரிடம் கொடுக்கிறது. பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறது. ரேடியேட்டரில் ஃபேன் ஊதி, சூட்டைக் காற்றில் விடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் சுமக்கிற சூட்டைச் சுமக்க சுமார் 3,500 லிட்டர் காற்று வேண்டும். அதனால்தான் பெரிய மெஷின்கள் திரவத்தைத் தேடிப் போகின்றன. 1980-களின் கடைசியில் வானிலை கணிக்க டெல்லிக்கு வந்த க்ரே சூப்பர் கம்ப்யூட்டருக்கு ஃபிரியான் குளிர்ச்சி. 2004-ல் ஆப்பிள் கம்பெனி, வீட்டு மேஜையில் வைக்கிற மெஷினுக்குள்ளேயே திரவத்தை ஓடவிட்டது.

"ஒவ்வொண்ணா கேக்கறேன், பதில் சொல்லு" என்றேன். "ரேடியேட்டர் என்ன உலோகம்?"

"அலுமினியம், மாமா. விலை கம்மி."

"கட்டி செம்பு, ரேடியேட்டர் அலுமினியம். ரெண்டும் ஒரே தண்ணியில இருந்தா அலுமினியம் அரிச்சுப் போயிடும். பம்ப் எங்கே?"

"மேல, அழகா தெரியற மாதிரி..."

"காத்துக் குமிழி மேலதான் வந்து நிக்கும். பம்ப் வெறும் காத்தைக் குடிச்சு உயிரை விடும். அது தொட்டிக்குக் கீழேதான் இருக்கணும். சரி, தண்ணி தீர்ந்தா?"

"போர் தண்ணி இருக்கே!"

வீட்டில் சோற்றுப் பானையின் அடியைக் காட்டினேன். வெள்ளை வெள்ளையாய் உப்பு. அந்தச் செம்புக் கட்டிக்குள் இருக்கும் சந்துகள் தலைமுடி கனம்தான். உப்பு படிந்தால் அடைப்புதான். மாட்டியதும், பம்புக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, இணைப்புகளுக்கு அடியில் காகிதம் விரித்து, ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியாது.

மறுநாள் வெள்ளிமலையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஆல்பத்துக்குப் படங்களைத் தாங்களே பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்க வேண்டுமென்று பெண்ணின் அப்பா பிடிவாதம். கம்ப்யூட்டரைக் காரில் ஏற்றினோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலை ஏற ஏற ஜன்னலில் காற்று மாறியது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி குறையும் என்பார்கள். குலுக்கலில் கம்ப்யூட்டரின் பக்கத்துத் தகடு கழன்று விழுந்தது. அப்படியே திண்ணையில் வைத்து ஓட்டினோம்.

மூன்று மணி நேரம். படம் பொறுக்கினார்கள், வீடியோவும் ஓடியது. தாலி கட்டியாயிற்று. சம்பந்தி சாப்பிட்டும் ஆயிற்று. கம்ப்யூட்டர் அணையவில்லை! சிப்பின் சூடு எழுபதைத் தாண்டவில்லை.

"மலைக் காத்து மாமா!" என்றான்.

மலை சரி. ஆனால் வேறு ஏதோ உறுத்தியது. திரும்பி வந்து அவன் அறையை நன்றாகப் பார்த்தேன். கம்ப்யூட்டர் இருந்தது ஒரு மர அலமாரிக்குள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரியுமல்லவா? அந்தக் கைவரிசை. கதவில் யானை, மயில், தாமரை. தூசி போகக் கூடாதென்று கதவு எப்போதும் சாத்தியே இருக்கும்.

அக்காவின் ஜுர தெர்மாமீட்டரை உள்ளே வைத்தேன். அதன் கடைசிக் கோடான 42-ஐத் தொட்டுவிட்டு 'என்னை விட்டுடுங்க' என்றது. வெளியே ஊதிய சூட்டையே ஃபேன் திரும்பத் திரும்ப உறிஞ்சிக்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தபோது சிப்பு 97. யானை, மயிலைத் திறந்துவிட்டு, உள்ளே அப்பியிருந்த தூசியையும் தட்டியதும் 78!

"இப்போ யோசி. உன் ரேடியேட்டரையும் இதே அலமாரிக்குள்ளதானே வைப்பே?"

"ஆமா மாமா."

"தண்ணி சூட்டை அழிக்காது மாப்ளே. இங்கேர்ந்து அங்கே தூக்கிட்டுப் போகும், அவ்வளவுதான். சுத்தியிருக்கற காத்தைவிடக் குளிர்ச்சியா எந்த ரேடியேட்டராலயும் ஆக்க முடியாது. அலமாரி அம்பது டிகிரின்னா தண்ணியும் அதுக்கு மேலதான். முப்பத்து மூவாயிரம் செலவு பண்ணி அதே புழுக்கத்தை வாங்குவியா?"

அவனிடம் இருப்பது 125 வாட் சிப்பு. 2,800 ரூபாயில் உயரமான காற்றுக் குளிர்விப்பான் ஒன்று, கொஞ்சம் புதுப் பசை, காற்றுக்குத் திறந்த இடம். போதும். 250 வாட் இழுக்கும் சிப்பை நாளெல்லாம் விரட்டுகிறவர்களுக்குத்தான் தண்ணீர். அவர்களும் முதலில் காற்று போகும் வழியைப் பார்க்க வேண்டும்.

மூன்று கல்யாணமும் முடிந்து பணமும் வந்துவிட்டது. "முப்பதாயிரத்து இருநூறு மிச்சம் மாமா!" என்று குதித்தான். வாங்காத கடனை வரவில் எழுதக் கூடாது என்று பி.காமில் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். காதில் வாங்கவில்லை.

ஆனால் போன வாரம் அக்கா போன் பண்ணினாள். பின்னணியில் சளசளவென்று சத்தம்.

"என்னக்கா அது?"

"அடுப்படியில குழாய் போட்டுட்டான்டா!"

செயின்? கழுத்தில்தான் இருக்கிறது. யானையும் மயிலும்? கதவைக் கழற்றிக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டார்கள். வருகிறவர்கள் எல்லாம் பாராட்டுகிறார்களாம்.