நங்கூரம் இருந்தால் போதுமா? சங்கிலியைப் பார்த்தது யார்?

குமணன்சாவடியில் கடல் இல்லை. பூந்தமல்லிக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊரிலிருந்து மெரினா கடற்கரைக்குச் சுமார் 20 கிலோ மீட்டர் போக வேண்டும். ஆனாலும் நங்கூரம் எப்படி வேலை செய்கிறது என்பது அந்த ஊர்ப் பாட்டிமார்களுக்குச் சட்டென்று புரியும்.

வீட்டுக்கு வீடு கிணறு இருந்த காலத்தில், வாளி கிணற்றில் விழுந்தால் என்ன செய்தார்கள்? பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். அதன் கொக்கிகள் தண்ணீருக்கு அடியில் துழாவி வாளியைப் பற்றிக்கொண்டன. நங்கூரமும் அப்படித்தான். அது கடலுக்கு அடியில் மண்ணைப் பற்றிக்கொள்கிறது.

சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். கடலில் கப்பலுக்குச் சாவடி ஏது? நங்கூரம் பாய்ச்சிய இடம்தான் சாவடி!

பாதாளக் கரண்டி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், கயிறு இற்றுப் போயிருந்தால் கரண்டியும் கிணற்றோடு போகும். கப்பலிலும் அதே கதைதான். நங்கூரத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். சங்கிலியை யாரும் பார்ப்பதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

சென்னை கண்ட காட்சி

அந்தக் காலத்தில் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. அப்போது சங்கிலியும் இல்லை, சணல் வடம்தான். 1746-ம் ஆண்டு சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்களின் கப்பல்கள், அக்டோபர் மாதப் புயலில் சிக்கிச் சின்னாபின்னம் ஆயின.

அது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2012-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி "நீலம்" புயல் வீசியது. சென்னைக்கு வெளியே நின்ற "பிரதிபா காவேரி" என்ற எண்ணெய்க் கப்பலை நங்கூரத்தால் பிடித்து நிறுத்த முடியவில்லை. காற்று அந்தப் பெரிய கப்பலைத் தள்ளிக்கொண்டு வந்தது. பெசன்ட் நகர் அருகே கப்பல் தரை தட்டியது.

மாலுமிகளில் ஒரு பகுதியினர் உயிர் காக்கும் படகில் இறங்கினார்கள். அலையில் அந்தப் படகு கவிழ்ந்தது. 6 பேர் மாண்டார்கள். கப்பலோ உடையவில்லை! நவம்பர் 11-ந் தேதி அதை இழுவைக் கப்பல் மீண்டும் கடலுக்கு இழுத்துச் சென்றது. கப்பல் பிழைத்தது, மனிதர்கள் பிழைக்கவில்லை.

நங்கூரம் பிடிக்காமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. பெரிய கப்பலுக்கே இந்தக் கதி என்றால், பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகின் கதி என்ன?

சென்னைத் துறைமுகத்தில் 1911-ம் ஆண்டு முதல் பாய்மரப் படகுக் கழகம் இருக்கிறது. உலகம் எங்கும் குடும்பத்தோடு பாய்மரப் படகில் பயணம் போகிறவர்கள் உண்டு. இரவில் படகில் குழந்தைகள் தூங்கும்போது, அவர்களைக் காவல் காப்பது அந்தச் சங்கிலி ஒன்றுதான்.

எவ்வளவு நீளம் வேண்டும்?

களை எடுப்பவர்கள் செடியை மேல் நோக்கி இழுக்கிறார்கள். உடனே வந்துவிடுகிறது. நங்கூரத்தை மேல் நோக்கி இழுத்தால் அதுவும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தரையோடு தரையாக இழுத்தால்தான் மண்ணுக்குள் புதையும். அதற்குத்தான் நீளமான, கனமான சங்கிலி.

தண்ணீரின் ஆழம் 6 மீட்டர்; படகின் முனை தண்ணீருக்கு மேலே 1 மீட்டர். ஆக 7 மீட்டர். சாதாரண நாளில் இதுபோல் 5 மடங்கு, அதாவது 35 மீட்டர் சங்கிலி விட வேண்டும். காற்று பலமாக இருந்தால் 7 மடங்கு, 49 மீட்டர் விட வேண்டும். 8 மில்லி மீட்டர் கனமுள்ள சங்கிலியின் எடை மீட்டருக்குச் சுமார் 1.4 கிலோ. 50 மீட்டர் என்றால் 70 கிலோ! அதோடு நங்கூரத்தின் எடையும் சேரும்.

இதைக் கையால் தூக்க முடியாது என்றுதான் "வின்ட்லாஸ்" என்ற எந்திரத்தை வைத்தார்கள். கிணற்று ராட்டினம் போன்றதுதான் அது. ஆனால் சங்கிலியின் வளையங்கள் உட்காருவதற்கு அதன் சக்கரத்தில் குழிகள் உண்டு. மின்சார மோட்டார் அதைச் சுற்றுகிறது.

எந்திரம் மக்கர் செய்தால்?

பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடவில்லையா? உடனே மோட்டாரைக் கழற்றக் கூடாது. மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் விழுந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து பாட்டரி. பிறகு கம்பிகளின் முனைகள். கடல் காற்றில் செம்பு பச்சையாகக் களிம்பு ஏறிவிடும். 12 வோல்ட் பாட்டரியில் 1,000 வாட் மோட்டார் ஓட 80 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் வேண்டும். களிம்பு ஏறிய முனை அவ்வளவையும் விடாது. மோட்டார் முனகும், நிற்கும். பெரும்பாலும் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே போதும்.

மோட்டார் ஓடியும் சங்கிலி ஏறவில்லையா? கிளட்ச் தளர்ந்திருக்கும். அதை இறுக்க வேண்டும்.

சைக்கிள் செயின் கழன்று குதிப்பது போல, சங்கிலி சக்கரத்தை விட்டுத் துள்ளுகிறதா? சங்கிலியின் அளவும் சக்கரத்தின் குழியும் பொருந்தவில்லை. அல்லது குழிகள் தேய்ந்துவிட்டன. அல்லது சங்கிலி முறுக்கிக்கொண்டிருக்கிறது. கனம் மட்டும் பார்த்துச் சங்கிலி வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை வரும். வளையத்தின் நீளமும் சரியாக இருக்க வேண்டும்.

சங்கிலி பாதியில் சிக்கி நிற்கிறதா? அது விழும் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். நெல் அம்பாரம் போலக் குவிந்து, வரும் வழியை அடைத்திருக்கும். குவியலைக் கலைத்துவிட்டால் போதும். ஆனால் எந்திரம் ஓடும்போது சங்கிலியைத் தொடக் கூடாது! ஒரு நொடியில் விரல் போய்விடும். மின்சாரத்தை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும்.

நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டால், எந்திரத்தை வைத்து மல்லுக்கட்டக் கூடாது. படகை நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து, சங்கிலியை உறுதியான கட்டையில் மாட்டி, படகின் எஞ்சினால் மெல்ல அசைத்து விடுவிக்க வேண்டும்.

தூக்குவது வேறு, தாங்குவது வேறு

பலர் செய்யும் பெரிய பிழை ஒன்று உண்டு. நங்கூரம் போட்ட பிறகு, படகின் பாரம் முழுவதையும் இரவெல்லாம் எந்திரத்தின் தலையில் விட்டுவிடுகிறார்கள். எந்திரம் தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. சங்கிலியில் ஒரு கொக்கியை மாட்டி, நைலான் கயிற்றால் படகில் கட்டிவிட வேண்டும். நைலான் இழுத்தால் நீளும். அலையின் அடியை அது வாங்கிக்கொள்ளும்.

சங்கிலியின் உள் முனையைப் படகோடு கட்டியிருக்கிறதா என்பதும் முக்கியம். கட்டாவிட்டால் முழுச் சங்கிலியும் கடலில் போய்விடும். இரும்பால் பூட்டிவிட்டால் ஆபத்து நேரத்தில் விடுவிக்க முடியாது. கயிற்றால் கட்ட வேண்டும். அப்போதுதான் தேவைப்பட்டால் கத்தியால் வெட்டிவிட்டுத் தப்பலாம்.

குற்றம் யார்மேல்?

"மோட்டார் வந்ததால்தான் மாலுமிகள் சோம்பேறிகள் ஆனார்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. 70 கிலோ சங்கிலியைக் கையால் இழுத்து முதுகை ஒடித்துக்கொள்வதில் பெருமை இல்லை. "மோட்டார் இருக்கிறது, எதையும் கற்க வேண்டியதில்லை" என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். அது அதைவிட ஆபத்து. மோட்டாரும் வேண்டும், அது நின்றால் கைப்பிடியைப் போட்டுச் சுற்றவும் தெரிந்திருக்க வேண்டும்.

உண்மையான காரணம் வேறு. படகுக்குப் புதிய பாய் வாங்கினால் ஊரே பார்க்கும். புதிய சங்கிலி வாங்கினால் யார் பார்ப்பார்கள்? கண்ணுக்குத் தெரியாத பொருளுக்குச் செலவு செய்ய மனம் வருவதில்லை.

ஆனால் கவனிப்பதற்குப் பெரிய செலவு இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை சங்கிலி முழுவதையும் வெளியே பரப்பி, நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். ஒரு வளையம் மற்றொன்றோடு உரசும் இடத்தில்தான் தேய்மானம் ஒளிந்திருக்கும். அங்கே பார்க்க வேண்டும். நங்கூரத்தின் பக்கம் அதிகம் தேயும். ஆகவே தலைப்பையும் கடைசியையும் மாற்றிப் போட வேண்டும். துத்தநாகப் பூச்சு போய்த் துரு ஏறினால் மீண்டும் பூசலாம். மெலிந்துவிட்டால் தூக்கி எறிவதே நல்லது.

இந்த வேலையை ஏதோ ஒரு நாளில் செய்யலாம் என்று விடக் கூடாது. வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். படகுச் சொந்தக்காரர் தாமே நின்று பார்க்க வேண்டும். சங்கிலி சரியில்லை என்று வேலைக்காரர் சொன்னால், அவரைக் கோபிக்காமல் காது கொடுத்துக் கேட்க வேண்டும். படகில் தூங்கப் போகிறவர்களில் அவரும் ஒருவர்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். தேர் ஓடாவிட்டால் நின்ற இடத்தில் நிற்கும். திருவிழா தள்ளிப் போகும். சங்கிலி அறுந்த படகு நிற்காது. அது ஓடும். எங்கே போய் மோதும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும்.