ரெண்டு பேர் சமையல்: மார்கழிப் பனியும் ஒரு அடகுச் சீட்டும்

மார்கழியில் எங்கள் வீட்டில் முதலில் பற்றவைப்பது பின்கட்டில் இருக்கும் மூணு கல் அடுப்பைத்தான். வீட்டுக்காரரின் தென்னை மரங்கள் உதிர்க்கும் சில்லாட்டையையும் காய்ந்த பாளையையும் பொறுக்கி வைத்திருப்போம். ஐந்தரை மணிக்குத் தீ மூட்டினால் ஆறு மணிக்குள் ரெண்டு பேர் குளிக்க வெந்நீர் தயார். கேஸும் மிச்சம், கரண்டும் மிச்சம். அடுப்பு முன்னால் உட்கார்ந்து கையைச் சூடு காட்டிக்கொள்கிற சுகம் இலவசம்.

என் மனைவி தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். ஏழரை மணி டூட்டிக்கு ஆறரைக்கே ஆலங்குளத்தில் பஸ் ஏற வேண்டும். நான் வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் செய்தி தட்டுகிறவன். அதனால் அடுப்படி என் பொறுப்பு. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இந்தப் பொறுப்பு என் கைக்கு வந்து ரெண்டு மாதம்தான் ஆகிறது. அதுவும் ஒரு சண்டைக்குப் பிறகு வந்தது.

அஞ்சறைப் பெட்டிக்கு அடியில்

எங்களுக்குக் கல்யாணமாகி முதல் மார்கழி இது. ஆகஸ்ட்டில் தனிக்குடித்தனம் வந்தபோது வீட்டு அட்வான்ஸ், கேஸ் கனெக்‌ஷன், ஒரு பழைய ஃபிரிட்ஜ் என்று கையில் இருந்தது கரைந்துவிட்டது. அவளுடைய சங்கிலியைக் கூட்டுறவு சங்கத்தில் வைத்து 30,000 ரூபாய் வாங்கினோம். அந்தச் சீட்டு அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் மடித்து வைக்கப்பட்டது. மாதம் 3,000 கட்டுவது என்று பேச்சு.

தலைத் தீபாவளிக்கு அவள் வீட்டுக்குப் போனோம். அத்தை முதலில் பார்த்தது மகளின் கழுத்தைத்தான். "சங்கிலி எங்கட்டி?" என்று கேட்டார். "டூட்டில நகை போடக் கூடாதும்மா. கழட்டி வீட்டுல வச்சேன், மறந்துட்டு வந்துட்டேன்" என்று இவள் சமாளித்தாள். நான் அந்த நேரம் பார்த்து முறுக்கை மும்முரமாகக் கடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பாவூர்சத்திரம் தாண்டிய பிறகு ஒன்று மட்டும் சொன்னாள். "பொங்கப்படி கொண்டு வரும்போது அம்மா மறுபடியும் கேப்பாங்க. அன்னைக்கும் என்னைப் பொய் சொல்ல வச்சிராதீங்க."

அக்டோபர் சொன்ன கணக்கு

அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் போனை வாங்கி ஜிபே ஹிஸ்டரியைத் திறந்தாள். ஒவ்வொன்றாக எழுத எழுத, எனக்கு மார்கழிக்கு முன்னாலேயே குளிரெடுத்தது.

மளிகை 3,800. காய்கறி 1,900. பால் 1,200. பரோட்டா, பிரியாணி பார்சல், டீக்கடை, பேக்கரி எல்லாம் சேர்த்து 4,600. சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு மாதத்தில் 11,500 ரூபாய்!

அந்த 4,600இல் பெரும்பகுதி நான் தனியாகச் செலவு செய்தது. அவள் டூட்டிக்குப் போன பிறகு மதியம் பார்சல், சாயங்காலம் டீயும் பஜ்ஜியும். அவளிடம் சொன்னதில்லை. அவளும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தாள். காலையில் சமைக்க நேரமில்லாத நாள்களில் மதியம் ரெண்டு பிஸ்கட்டோடு நிறுத்திக்கொண்டிருக்கிறாள், சங்கிலிப் பணம் சேரட்டும் என்று. நான் பரோட்டாவைப் பிய்த்துப்போட்டுச் சால்னா ஊற்றிச் சாப்பிட்ட அதே மதியங்களில்.

சண்டை என்றேனே, உண்மையில் அவள் சத்தமே போடவில்லை. நோட்டை என் பக்கம் தள்ளி, "இனிமே நீங்களும் எழுதுங்க" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் காலையில் நான் அம்மாவுக்குப் போன் போட்டு, சோறு வடிப்பது எப்படி என்று கேட்டேன். "ஏல, நீயா சமைக்க? அவ எங்கல போனா?" என்று அம்மா பதறினார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மொதல்ல உலைய வைல" என்றார்.

காய் வாங்கக் கற்றுக்கொண்டேன்

ஆலங்குளமும் பாவூர்சத்திரமும் காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஊர்கள். இங்கிருந்து லாரி லாரியாகக் கேரளாவுக்குக் காய் போகிறது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு 1,900 ரூபாய்க்குக் காய் வாங்கி, பாதியை ஃபிரிட்ஜில் அழுகவிட்டவன் நான். என்ன சமைக்கலாம் என்று முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போனதுதான் தப்பு. இப்போது கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் என்ன சமையல் என்றே முடிவு செய்கிறேன்.

உதாரணத்துக்கு முருங்கைக்காய். மழையிலும் பனியிலும் பூ உதிர்ந்துவிடும், காய்ப்பு குறையும். அதனால் கார்த்திகை, மார்கழியில் விலை எகிறும். நான் பழக்கதோஷத்தில் சாம்பாருக்கு அதைத்தான் தேடுவேன். இப்போது முருங்கைக்கீரைக்கு மாறிவிட்டோம். பக்கத்து வீட்டு மரத்தில் ஒரு கொப்பு கேட்டால் கிடைக்கும்.

பனிக்காலத்தில் மலிவாக வருபவை வேறு. அவரைக்காய், பச்சை மொச்சை, தடியங்காய், மஞ்சள் பூசணி. மார்கழியில் கல்யாணங்கள் கிடையாது என்பதால் விசேஷ வீட்டுக் கொள்முதலும் இருக்காது. இன்னொரு பக்கம், கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள் அதிகம். குற்றாலத்தில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கூட்டமாகக் குளிக்க வரும் சீசன் இது. எங்கள் தெருவிலேயே பாதி வீடுகளில் அசைவம் நின்றுவிட்டதால், கோழிக்கறி விலை இறங்கும். மாலை போடாத எங்களைப் போன்றவர்களுக்கு மாதம் ரெண்டு ஞாயிறு கறிக்குழம்பு. முட்டை மட்டும் குளிர்காலத்தில் விலை ஏறும், அதை அளந்துதான் வாங்குகிறோம்.

ரேஷன் கார்டும் கார்த்திகையில் கைக்கு வந்தது. புதுசாகக் கல்யாணமானவர்கள் கவனிக்கவும்: ரெண்டு பேர் பெயரையும் அவரவர் பெற்றோர் கார்டிலிருந்து நீக்கிய பிறகுதான் புதுக் கார்டுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க முடியும். நாங்கள் அதைத் தள்ளிப்போட்டே மூணு மாதம் வீணாக்கினோம். தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25, சீனி கிலோ 25. "ரேஷன் அரிசியா?" என்று முகம் சுளிக்காதீர்கள். நாலு தண்ணீரில் கழுவி, நன்றாக ஊறவைத்தால் இட்லிக்கும் ஆகும், கீழே சொல்லப்போகும் உளுந்தஞ்சோற்றுக்கும் ஆகும்.

சாக்குப் பையில் சிறுகிழங்கு

மார்கழி, தை என்றால் எங்கள் பக்கத்தில் சிறுகிழங்கு. ஆடி, ஆவணி வாக்கில் நட்டு, பொங்கலையொட்டித் தோண்டுவார்கள். துளசி, புதினா குடும்பத்துச் செடி என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மலையாளத்தில் இதுதான் கூர்க்க. திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 'ஸ்ரீதரா' என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது.

ருசி ஒரு பக்கம் இருக்கட்டும், தோல் உரிப்பது பெரிய வேலை. கோலிக்குண்டு அளவுக் கிழங்கு, மேலெல்லாம் மண். உரித்து முடித்தால் விரல் கறுத்துவிடும். முதல் தடவை அரைக் கிலோவுக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். அம்மாதான் போனில் வழி சொன்னார்: கிழங்கைத் தண்ணீரில் ஊறவைத்து, சாக்குப் பையில் பாதி அளவு போட்டு, வாயைக் கட்டி, கல் தரையில் புரட்டிப் புரட்டி அடி. முக்கால்வாசித் தோல் தானாகக் கழன்றுவிடும். மிச்சத்தைக் கத்தியால் சுரண்டி, உடனே தண்ணீரில் போட்டால் கறுக்காது.

பொடிக் கிழங்கைத் தனியாகக் குவித்து விலை குறைத்துத் தருவார்கள். உரிக்க நேரம் கூடும், ருசியில் குறைவு கிடையாது. பொரியல் ரொம்ப எளிது. ரெண்டாக நறுக்கி, மஞ்சள்தூள், உப்பு போட்டு வேகவையுங்கள். கடுகு, உளுந்து, மிளகாய் வத்தல், கறிவேப்பிலை தாளித்து, கைப்பிடி சின்ன வெங்காயம் வதக்கி, வெந்த கிழங்கைப் போட்டுப் பிரட்டி, கடைசியில் தேங்காய்ப்பூ. ரசத்தோடு இது இருந்தால் வேறு எதுவும் வேண்டாம்.

டிபன் பாக்ஸில் உளுந்தஞ்சோறு

அவள் மதியம் பட்டினி கிடந்தது என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் நான் கற்றுக்கொண்ட முதல் கட்டுச்சோறு நம்ம நெல்லைப் பக்கத்து உளுந்தஞ்சோறு. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்ப்பவளின் இடுப்புக்கு உளுந்து நல்லது என்று அம்மாவும் சொன்னார்.

ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் தொலி உளுந்து. உளுந்தை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பல் பூண்டு, அரை ஸ்பூன் வெந்தயம், ஒரு ஸ்பூன் சீரகம், அரை மூடித் தேங்காய்த் துருவல், உப்பு. நாலு டம்ளர் தண்ணீர் ஊற்றி, குக்கரில் நாலு விசில். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல்: எள், மிளகாய் வத்தல், கொஞ்சம் புளி, தேங்காய், உப்பு. எள்ளையும் வத்தலையும் வறுத்து, எல்லாவற்றையும் கெட்டியாக அரைத்தால் போதும்.

முதல் நாள் எள்ளைக் கருகவிட்டேன். துவையல் கசந்தது. சாயங்காலம் டப்பா காலியாகத்தான் திரும்பி வந்தது. "எப்படி இருந்துச்சு?" என்றேன். "சோறு நல்லா இருந்துச்சு" என்றாள். துவையலைப் பற்றி இன்றுவரை பேச்சில்லை.

டிசம்பர் கணக்கு

நோட்டில் இப்போது ரெண்டு கையெழுத்து. அவளுடையது குண்டு குண்டாக, என்னுடையது கோழி கிளறியது போல. டீக்கு 12 ரூபாய் என்றாலும் எழுதிவிடுவது. எழுதியதைக் கேள்வி கேட்பதில்லை என்றும் பேசிவைத்தோம். இந்த ரெண்டாவது விதி இல்லாவிட்டால் முதல் விதி ஒரு வாரம்கூட நிற்காது, அனுபவத்தில் சொல்கிறேன்.

டிசம்பரில் மளிகை 3,100. காய்கறி 1,300. பால் 1,200. முட்டையும் கறியும் 700. வெளிச்சாப்பாடு 600. அந்த 600இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரானூர் பார்டருக்கு பைக்கில் போய்ப் பரோட்டா சாப்பிட்டதும் அடக்கம். இந்தத் தடவை ரெண்டு பேருமாக. மொத்தம் 6,900. அக்டோபரைவிட 4,600 குறைவு.

நவம்பரில் மிச்சம் பிடித்த 3,400, டிசம்பரில் 4,600, மாதத் தவணை 3,000 வீதம் 6,000. ஆக 14,000 கட்டியாகிவிட்டது. நவம்பர் ஆரம்பத்தில் 21,000 ஆக இருந்த அசல், இப்போது 7,000. அடுத்த மிச்சம் ஜனவரி கடைசியில்தான் கைக்கு வரும். பொங்கல் அதற்கு ரெண்டு வாரம் முன்னால் வந்துவிடும்.

"வாடகையைப் பத்து நாள் தள்ளிக் குடுத்தா நகையைத் திருப்பிரலாம்ல?" என்று கேட்டுப் பார்த்தேன். அவள் நோட்டை மூடினாள். "ஒரு பொய்ய மறைக்க இன்னொரு கடனா? வேண்டாம்."

அத்தைக்கு ஒரு போன்

போன வாரம் அத்தையே கூப்பிட்டார். இவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏட்டி, படிக்குப் பானை எதுல வாங்க? வெண்கலமா, பித்தளையா?"

"எம்மா, ஒண்ணு சொல்லணும். அந்தச் சங்கிலி அடகுல இருக்கு. தீபாவளிக்குச் சொன்னது பொய்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் சிறுகிழங்கு சுரண்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தேன்.

"தெரியும்ட்டி" என்றார் அத்தை. "மறந்துட்டு வந்தவ, நாள் முழுக்கச் சேலைய இழுத்து இழுத்துக் கழுத்த மூடிக்கிட்டா இருப்பா? நீயா சொல்லுவன்னு இருந்தேன். எவ்வளவு நிக்கி?"

"ஏழாயிரம். நீங்க குடுக்க வேண்டாம்மா. மாசக் கடைசில நாங்களே திருப்பிருவோம்."

"சரி. ரெண்டு பேரும் ஒழுங்கா சாப்புடுதீங்களா? மருமவன் என்ன செய்தாவ?"

"சிறுகிழங்கு சுரண்டிக்கிட்டு இருக்காங்க."

மறுபடியும் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒரே சிரிப்பு. பின்னால் மாமாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்வதும் கேட்டது. கடைசியில் சொன்னார்: "கிழங்கு படியோட நான் கொண்டாரேன். காசு குடுத்து வாங்காதீங்க."

போனை வைத்ததும் அவள் நோட்டை எடுத்தாள். ஜனவரிப் பக்கத்தில் குண்டுக் கையெழுத்தில் எழுதினாள்: 'சிறுகிழங்கு வாங்க வேண்டாம். சாக்குப் பை ஒண்ணு வாங்கணும்.'

(அடுத்த வாரம்: பனங்கிழங்கை அவிப்பதா, சுடுவதா?)