சோளக் கதிரில் சூறைக்குருவி: மருந்து வைக்கலாமா?

கேள்வி: எங்கள் மானாவாரிச் சோளத்தில் விடிந்ததும் பெருங்கூட்டமாகக் குருவிகள் இறங்குகின்றன. பொழுது சாய்ந்தால் கண்மாய்க் கருவேல மரங்களில் போய் அடைகின்றன. குருணை மருந்தைத் தானியத்தில் கலந்து வரப்பில் வைத்தால் தொல்லை தீரும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். வைக்கலாமா?
- வாசகர், உத்தமபாளையம் வட்டம்.

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த மருந்துக்குக் குருவி, கோழி, நாய் என்ற வித்தியாசம் தெரியாது. வரப்பில் விளையாடும் பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். மயில் செத்தால் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி 3 ஆண்டுக்குக் குறையாத சிறை. சூறைக்குருவியைக் கொல்வதும் குற்றம்தான்.

முதலில் இரண்டு நாள் விடியற்காலையில் வரப்பில் போய் உட்காருங்கள். கதிரில் இறங்குவது எது என்று பாருங்கள். மைனா அளவு, ரோஜா நிற உடம்பு, தலையும் சிறகும் வாலும் கறுப்பு என்றால் அது சூறைக்குருவி. சோளக்குருவி என்றும் சொல்வார்கள். இளங்குருவிகள் மங்கலான பழுப்பு நிறத்தில் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். மத்திய ஆசியாவிலிருந்து வருகிற கூட்டம் இது. அங்கே வெட்டுக்கிளிதான் இதற்குப் பிரதான இரை. சீனாவின் சிஞ்சியாங் பகுதியில் வெட்டுக்கிளியை அடக்க, இது கூடு கட்டுவதற்கென்றே கல் அடுக்கிக் கொடுக்கிறார்கள். உங்கள் காட்டிலும் கதிர் பால் பிடிக்கும் வரை புழு பூச்சியைத்தான் பொறுக்கும். ஆகவே ஆண்டு முழுக்க விரோதி இல்லை. சுமார் 3 வாரத்துக்கு மட்டும் காவல் வேண்டும்.

பளபளக்கும் ரிப்பனைக் கதிருக்கு அரை அடி உயரத்தில், முறுக்கி, காற்றில் படபடக்கும்படி கட்டுங்கள். முன்கூட்டியே கட்டினால் குருவிக்குப் பழகிவிடும். பால் பிடிக்கும்போது கட்டினால் போதும். விடிந்ததிலிருந்து 9 மணி வரையும், மாலை 4 மணிக்கு மேலும் ஆள் நின்று தகரம் தட்ட வேண்டும். ரிப்பன் மட்டும் காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்னொன்று, ஊரில் எல்லோருக்கும் முன்னாலோ பின்னாலோ தனியாக முற்றுகிற காட்டில்தான் சேதம் அதிகம். விதைப்பை அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து செய்யுங்கள். பன்னீர் திராட்சைத் தோட்டத்துக்கு வலையே சரி.

கண்மாய்க்கு வருகிற மற்றவற்றை இதோடு சேர்த்துவிடக் கூடாது. இரண்டாம் போகத்துக்குத் தொளி அடிக்கும்போது டிராக்டர் பின்னால் ஓடும் மஞ்சள் வாலாட்டி, நெல்லுக்கு மேலே தாழப் பறக்கும் தகைவிலான், வேலிக் கம்பில் உட்காரும் பழுப்புக் கீச்சான் எல்லாம் பூச்சி தின்பவை. தானியத்தைத் தொடாது. சின்னமனூர்ப் பக்கம் வெற்றிலை போட்டிருப்பவர்கள் நிழலில் குனிந்து பாருங்கள். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். ஒன்று மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். அதற்குப் பெயரே கொடிக்கால் வாலாட்டி! கிழக்கு ஆசியாவிலிருந்து வந்து நம் கொடிக்காலில் பூச்சி பொறுக்குகிறது.

பொங்கல் விடுமுறையில் பிள்ளைகளையும் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப் போங்கள். 2015 முதல் ஆண்டுதோறும் அந்த 4 நாளும் தமிழகம் முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று பார்த்ததை எழுதினால் போதும். அதே நோட்டில் சூறைக்குருவி வந்த தேதியையும், உங்கள் சோளம் பால் பிடித்த தேதியையும் குறித்து வையுங்கள். அடுத்த விதைப்புக்கு முன் அதை எடுத்துப் பார்க்கலாம்.