முதலில் கார், பிறகு தகுதியா?

போலியோவால் இரு கால்களும் செயலிழந்த ஒருவர் கார் ஓட்டுவதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. பிரேக், ஆக்ஸிலரேட்டர் இரண்டோடும் இணைக்கப்பட்ட ஓர் இரும்புத் தண்டு ஸ்டியரிங்குக்கு அருகில் நீட்டிக்கொண்டிருக்கும். இதுவே கைக்கட்டுப்பாடு. பெரும்பாலான அமைப்புகளில் தண்டைத் தள்ளினால் வண்டி நிற்கும், இழுத்தால் வேகமெடுக்கும். ஸ்டியரிங்கை மறு கையால் சுழற்ற அதன்மீது ஒரு குமிழ் பொருத்தப்பட்டிருக்கும். இடது காலில் மட்டும் குறைபாடு உள்ளவருக்கு இந்தத் தண்டுகூட வேண்டாம். கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் காரில் இடது காலுக்கு வேலையே இல்லை.

சட்டமும் இவர்களுக்குக் கதவை அடைத்துவிடவில்லை. ஒருவரின் குறைபாடு சாலையில் ஆபத்தை விளைவிக்கும் என்று கருதினால் உரிமத்தை மறுக்க 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இடமளிக்கிறது. அதே சட்டம், அவருக்கேற்ப மாற்றியமைக்கப்பட்ட வாகனத்தை ஓட்ட அவர் தகுதியானவர் என்றால் அந்த வாகனத்துக்கு மட்டும் உரிமம் வழங்கலாம் என்றும் சொல்கிறது. இத்தகைய வாகனத்தை 'இயலாதோர் வண்டி' என்ற பொருளில் குறித்துவந்த பழைய சொல்லை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கி, 'தகவமைக்கப்பட்ட வாகனம்' என்று மாற்றியது. சட்டப் புத்தகத்தில் சொல் மாறியது வரவேற்கத்தக்கது. ஆனால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வாசலில் என்ன மாறியது?

சிக்கலின் முடிச்சு மிக எளிய ஒரு விதியில் இருக்கிறது. எந்த வகை வாகனத்துக்கு உரிமம் கேட்கிறோமோ, அந்த வகை வாகனத்திலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். மற்றவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. பயிற்சிப் பள்ளியின் காரில் பழகி, அதே காரில் வந்து மோட்டார் வாகன ஆய்வாளர் முன் ஓட்டிக் காட்டி, வீடு திரும்பிவிடுவார்கள். மாற்றுத்திறனாளி என்ன செய்வார்? கைக்கட்டுப்பாடு பொருத்திய கார் உள்ள பயிற்சிப் பள்ளியைக் காண்பது அரிது. எனவே, அவர் முதலில் சில லட்சங்கள் கொடுத்துக் கார் வாங்க வேண்டும். மேலும் செலவழித்து அதை மாற்றியமைக்க வேண்டும். அந்த மாற்றத்தைப் பதிவுச் சான்றிதழில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் பிறகே அவரால் ஓட்ட முடியுமா, முடியாதா என்பதை அரசு சோதிக்கும். 'முடியாது' என்று சொல்லிவிட்டால், அந்தக் கார் அவர் வீட்டு வாசலில் வெயிலில் நிற்கும். வேறு எந்தக் குடிமகனிடமும், தகுதியை நிரூபிக்கும் முன் சொத்தைப் பணயம் வை என்று அரசு கேட்பதில்லை.

கேரளத்தில் இரு கைகளும் இல்லாமல் பிறந்த ஜிலுமோள் மேரியட் தாமஸ், 2023 டிசம்பரில் முதல்வர் பினராயி விஜயனிடமிருந்து ஓட்டுநர் உரிமத்தைப் பெற்றார். பல ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு, அம்மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையம் தலையிட்டதால்தான் அது சாத்தியமானது. மறு ஆண்டு, மின்விபத்தில் இரு கைகளையும் இழந்த சென்னை இளைஞர் ஒருவரும் உரிமம் பெற்றார். இரண்டும் சாதனைகளாகக் கொண்டாடப்பட்டன. அந்த இருவரின் மனவுறுதியை நாமும் வணங்குகிறோம். ஆயினும், உரிமம் வாங்குவதே ஒருவருக்குச் சாதனையாகிறது என்றால், அந்தச் செய்தியில் பெருமைப்பட நிர்வாகத்துக்கு எதுவும் இல்லை.

சாலைப் பாதுகாப்பு முக்கியமில்லையா என்ற கேள்வி எழும். மிக முக்கியம். சோதனையைத் தளர்த்துங்கள் என்று யாரும் கேட்கவில்லை. சோதனையை நடத்துங்கள் என்றே கேட்கிறார்கள். காது கேளாதவர் வண்டி ஓட்டினால் விபத்து நேரும் என்று நெடுங்காலம் நம்பினோம். சோதனையில் தேறினால் அவர்களுக்கும் உரிமம் தர வேண்டும் என்ற நிலையை 2011இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு உருவாக்கியது. 2016இல் மத்திய அரசும் மாநிலங்களுக்கு அதையே அறிவுறுத்தியது. லேசான, மிதமான நிறக்குருடு உள்ளவர்களுக்கு 2020இல் வழி திறந்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பாட்டை உரக்க வைத்து, பின்னால் வரும் ஹாரன் காதில் விழாமல் ஓட்டுகிறவரின் செவித்திறனை நாம் சந்தேகித்ததே இல்லை. நம் அச்சம் பாதுகாப்பைப் பற்றியதா, உடலைப் பற்றியதா என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஏறத்தாழ 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். பேருந்தின் உயரமான படி இவர்களில் பலருக்குச் சுவருக்குச் சமம். அன்றாடம் ஆட்டோவில் வேலைக்குப் போனால் சம்பளத்தில் பாதி சாலையிலேயே கரையும். இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களைத் தமிழக அரசு விழா நடத்தி விலையின்றி வழங்குகிறது. அது நல்ல திட்டம். ஆனால், விழா மேடையில் வாகனத்தை நம்பிக் கொடுக்கும் அரசு, சோதனைத் திடலில் மட்டும் மாற்றுத்திறனாளியை ஏன் தனியே நிறுத்துகிறது? ஊக்கமும் சலுகையும் தரவும் வாகனங்களை மாற்றியமைக்கவும் திட்டங்களை வகுப்பது அரசின் கடமை என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. கடமையைக் கருணையாகக் காட்டிக்கொள்வது முறையல்ல.

செய்ய வேண்டியவை தெளிவானவை. மாவட்டத்துக்கு ஒன்றாவது கைக்கட்டுப்பாடு பொருத்திய ஆட்டோமேட்டிக் காரை அரசே வைத்திருந்து, பயிற்சிக்கும் சோதனைக்கும் தர வேண்டும். கார் வாங்கும் முன்பே ஒருவரின் ஓட்டும் திறனை மருத்துவரும் ஆய்வாளரும் சேர்ந்து மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். உரிமம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 'உங்களால் முடியாதுங்க' என்று வாய்மொழியாகத் திருப்பி அனுப்பும் வழக்கத்துக்கு எந்த அலுவலகத்திலும் இடமிருக்கக் கூடாது.

38 மாவட்டங்களுக்கு 38 கார்கள். இதற்குப் பணமில்லை என்று அரசு சொல்ல முடியாது. மனமில்லை என்றால், அதை வெளிப்படையாகச் சொல்லிவிடட்டும்.